பந்தைப் பிடித்து நின்ற பிறகு

பத்தொன்பது வருஷம் ஐந்து நாடுகளில் கூடைப்பந்து ஆடிவிட்டு, நாற்பது வயதில் செர்பியாவிலுள்ள தன் சொந்த ஊருக்குத் திரும்பினான் மிலோராத். கடைசி ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவனுடைய முழங்கால் மட்டும் எழுந்து நிற்கத் தயாராக இல்லை.

ஆறே முக்கால் அடி ஆள் மூன்று மாதம் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிவந்தான். அப்போது ஒரு வெளிநாட்டு கிளப் கூப்பிட்டது. இன்னும் ஒரே ஒரு சீசன். ஆடினால் பிறகு மாடிப்படி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மறுநாள் இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பத்து வயதில் தனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த வெஸ்னாவைத் தேடிப் போனான். பழைய உள்ளரங்கில் தனியாக உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"கோச், ஆடாம இருந்தா நான் யாருன்னே தெரியல. காலையில கண் முழிச்சா பயமா இருக்கு. ஒரு சீசன் போயிட்டு வந்துடட்டுமா?"

வெஸ்னா ஒரு பந்தை அவனிடம் வீசினார். "தரையில நாலு தட்டு தட்டிட்டு, பிடிச்சு நில்லு."

நின்றான்.

"இப்ப மறுபடியும் தட்டிக்கிட்டு ஓடு."

மிலோராத்துக்குச் சிரிப்பு வந்தது. "சின்னப் பசங்க பண்ற தப்பு அது. பிடிச்சு நின்னுட்டா அப்புறம் தட்டக் கூடாது. நீங்கதானே விசில் ஊதி ஊதி என் மண்டையில ஏத்தினீங்க."

"அதைத்தான் ஒரு சீசன் பண்ணிட்டு வரேன்னு கேக்குற."

சிரிப்பு அடங்கிவிட்டது.

"அப்ப என் ஆட்டம் முடிஞ்சுதா, கோச்?"

"பந்து யார் கையில இருக்கு?" வெஸ்னா எழுந்து வந்து, இரண்டு கைகளையும் விரித்து அவனை மறித்து நின்றார். "ஒண்ணு. ரெண்டு."

அந்த எண்ணிக்கை அவன் உடம்புக்குத் தெரியும். இப்படி மறித்தால் ஐந்து எண்ணுவதற்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அது எதிரணிக்கு. ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினான். பழக்கதோஷம், முதலில் வளையத்தைப் பார்த்தான். எட்டாத தூரம்.

"மூணு."

மறுபக்கம் திரும்பினான். காலி அரங்கம்.

"நாலு."

"யாருக்குக் கொடுக்கிறது, கோச்? இங்க யாருமே இல்லையே!"

வெஸ்னா கைகளை இறக்கினார். "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாரு. பயிற்சிக்கு வர்ற பதினாறு பொண்ணுங்க கையைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. ஒருத்திக்கும் இன்னும் ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது."

மிலோராத் பந்தைப் பார்த்தான். "நேரம் இருக்கா?"

வெஸ்னா மீண்டும் பம்பைக் கையில் எடுத்தார்.

"நான் இன்னும் அஞ்சு சொல்லல."