வழுக்கும் லென்ஸும் வாய் மூடாத மந்தியும்

ஒரு மலைக்காட்டில், தாமரைக் குளத்தைச் சுற்றி மான்களும் முயல்களும் மயில்களும் குடியிருந்தன. அவற்றுக்குத் தலைவர் கரடியார். எதிர்ச் சரிவிலிருந்து செந்நாய்கள் அடிக்கடி இறங்கி வந்து வேட்டையாடும்.

ஒருநாள் சுற்றுலா ஜீப் ஒன்றிலிருந்து ஒரு கேமரா விழுந்தது. அதன் முன்னால் முழ நீள ஜூம் லென்ஸ்! கரடியார் அதைக் கவ்விக்கொண்டு வந்து, குளக்கரை வேங்கை மரத்தின் கவட்டில் வைத்தார். கண்ணை வைத்து லென்ஸை நீட்டினால், எதிர்ச் சரிவின் புல்கூடத் தெரிந்தது.

“இனிச் செந்நாய்த் தொல்லை ஒழிந்தது!” என்று எல்லாம் கரடியாரைக் கொண்டாடின.

காவல் பார்க்கும் வேலை வேலம்மை என்ற மந்திக்கு வந்தது. பத்து நாள் பார்த்தபின் அவள் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“கரடியாரே, இந்த லென்ஸைச் சரி செய்ய வேண்டும். கீழே சாய்த்தால் தானாக வழுக்கி நீண்டுவிடுகிறது. முன்பக்கம் ஒரே கனம், குப்புறக் கவிழப் பார்க்கிறது. சாயங்கால வெயில் நேரே அடித்தால் எல்லாமே வெள்ளை! செந்நாய் வருவதே அந்த நேரத்தில்தான்!”

கரடியாரின் முகம் சுருங்கியது. “நான் கொண்டுவந்த பொருளுக்கே குறை சொல்கிறாயா?”

“லென்ஸில் என்ன குறை? இவள் கண்ணில்தான் குறை!” என்றான் தோகையன் என்ற மயில். காவல் வேலை தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவனுக்கு நெடுநாள் ஆத்திரம்.

“என் கண்ணுக்கு ஒன்றுமில்லை! தெரியாததைத் தெரிகிறது என்று சொல்ல என்னால் முடியாது. சரி செய்யும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்!”

“அப்படியானால் காவலை விட்டு விலகு!” என்று உறுமினார் கரடியார். “தோகையா, நாளை முதல் நீ பார்!”

“விலகுகிறேன். வாயை மட்டும் மூட மாட்டேன்!” என்ற வேலம்மை, நேரே போய் ஓர் இலவ மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மாலை. தோகையன் லென்ஸில் கண்ணை வைத்தான். எல்லாம் வெள்ளை! அதைச் சொன்னால் மந்தி சொன்னது சரியென்று ஆகிவிடுமே!

“எல்லாம் நலம்! சரிவில் ஈ எறும்புகூட இல்லை!” என்று கூவினான்.

மான்கள் குட்டிகளோடு தண்ணீர் குடிக்கக் குனிந்தன.

இலவ மரத்தின் உச்சியில் வேலம்மை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. ஆனால் குளத்தருகே புல் அசைந்தது!

“செந்நாய்! ஓடுங்கள்! ஓடுங்கள்!”

மான்கள் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு குளத்தில் பாய்ந்தன. கடைசியாக ஓடிய பெண்மானின் பின்னங்காலை ஒரு செந்நாய் கவ்விவிட்டது. கரடியார் உறுமிக்கொண்டு பாய்ந்து அதை அறைந்தார். இன்னொன்று அவர் காதைக் கிழித்தது. அவர் விடவில்லை. கடைசியில் செந்நாய்கள் ஓடிப்போயின. பெண்மான் நொண்டியபடி உயிர் பிழைத்தது.

காதில் ரத்தம் சொட்டச் சொட்டக் கரடியார் வேங்கை மரத்தில் ஏறினார். லென்ஸில் பார்த்தார். வெள்ளை! கீழே சாய்த்தார். லென்ஸ் சர்ரென்று வழுக்கி நீண்டது.

“தோகையா, இதிலா உனக்கு எல்லாம் நலமாகத் தெரிந்தது?”

தோகையன் தலையைத் தொங்கவிட்டான்.

“அவனைச் சொல்லி என்ன? குறையே இருக்காது என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான்” என்றார் கரடியார். “வேலம்மை, என்ன செய்ய வேண்டும்? சொல்.”

“நேற்றுச் சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன்!” என்றாள் அவள். குரல் கொஞ்சமும் தணியவில்லை.

எல்லாம் சேர்ந்து வேலையில் இறங்கின. வெயில் மறைக்க லென்ஸின் வாயில் மரப்பட்டை சுற்றப்பட்டது. வழுக்காமல் இருக்க வேப்பம்பிசின் கொஞ்சம் தடவப்பட்டது. கனம் சமமாக நிற்க, நடுவில் கொடி போட்டுக் கிளையோடு கட்டின. மறுநாள் மாலை வெயிலிலும் சரிவு பளிச்சென்று தெரிந்தது.

“இப்போது திருப்திதானே?” என்று கேட்டார் கரடியார்.

“இல்லை! பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. அதற்கும் வழி செய்யுங்கள்!”

கரடியார் மரத்தடியில் உட்கார்ந்து, “சரி, விவரமாகச் சொல்” என்றார்.

பொருளைக் கையாளுகிறவர் சொல்லும் குறையைக் காதுகொடுத்துக் கேட்பவரே நல்ல தலைவர்.