முதலை ஏன் வாய் திறக்கவில்லை?

அகன்ற காட்டாறு ஒன்றில் ஒரு முதலை தோணி வேலை பார்த்து வந்தது. அதன் பெயர் வெள்ளத்தாயி. ஆற்றின் இக்கரையில் புதரும் பொந்தும். அக்கரையில் நாவலும் இலந்தையும். இங்கே குடியிருந்து அங்கே வயிறு நிரப்பும் சின்ன உயிர்கள் எல்லாம் காலையில் அதன் முதுகில் ஏறிப் போகும். பொழுது சாயும் முன் ஏறித் திரும்பும்.

அதே ஆற்றில் உலகப்பன் என்று ஒரு கிழட்டு ஆமை இருந்தது. அதற்கு வெள்ளத்தாயியைக் கண்டாலே ஆகாது. முன்பு அந்தத் துறை ஆமையினுடையது.

அந்தக் காலத்தில் ஆமை ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்றும். போகிற வழியெல்லாம் பேசும். வெயில் உறைத்தால், ஏறியிருப்பவரை மறந்து ஒரு முங்கு முங்கும். ஒருநாள் முத்திருளன் என்கிற முயல், "அண்ணாச்சி, கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?" என்று கேட்டுவிட்டது. ஆமைக்கு அது பொறுக்கவில்லை. முயலைக் கரையில் இறக்கியது. தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. யார் வந்து கூப்பிட்டும் மூன்று நாள் வெளியே வரவில்லை.

அந்த ஆற்றில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் துறை வெறுமனே கிடந்தால், நாலாம் நாள் வந்து நிற்கிறவருக்கே துறை. நாலாம் நாள் ஆமை தலையை நீட்டிப் பார்த்தது. துறையில் வெள்ளத்தாயி நின்றிருந்தது. அதன் முதுகில் ஆறு பேர் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தது அந்த முயல்.

அன்றிலிருந்து ஆமை கரையோரக் கல்லில் படுத்துக்கொண்டு முதலையையே பார்க்கும். என்றைக்காவது அதுவும் மூன்று நாள் வராமல் போகாதா என்று பார்க்கும்.

கோடை முடிகிற சமயத்தில் ஒருநாள் முதலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆமை ஓட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு தயாராக இருந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் முதலை வந்துவிட்டது. வழக்கம்போல முதுகைத் தாழ்த்தி நின்றது.

ஆனால் அது வாய் திறக்கவில்லை.

முன்பெல்லாம் வெள்ளத்தாயி வாயாடி. எலியிடம் அறுவடை எப்படி என்று கேட்கும், ஓணானிடம் பொந்து வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும். இப்போது யார் பேசினாலும் கண்ணை மூடித் திறக்கும், அவ்வளவுதான். வெயிலில் படுத்தால் எல்லா முதலையும் வாயைப் பிளந்து படுக்கும். இது வெயிலிலும் வாயை இறுக மூடிக்கொண்டு படுத்தது. தாடை இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

கூலியும் மாறிவிட்டது. முன்பு முதுகில் ஒட்டும் அட்டைகளைப் பிடுங்கிப் போட்டால் போதும். இப்போது ஒரு வெட்டுக்கிளியோ பாச்சையோ கொண்டுவந்து தாமரை இலையில் வைத்தால்தான் முதுகைத் தாழ்த்தியது. எல்லாரும் போன பிறகு அந்த இலையை மூக்கால் தள்ளிக்கொண்டு கோரைப் புல்லுக்குள் போய்விடும்.

ஆமைக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு பெரிய உடம்புக்கு வெட்டுக்கிளி எந்தப் பல்லில் ஒட்டும்? அந்த வாய்க்குள் என்னதான் இருக்கிறது?

ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தது. ஆமை கோரைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதலை போய்விட்டுத் திரும்பியே வந்துவிட்டது.

"முத்திருளா, அந்த வாய்க்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று ஆமை முயலிடம் கேட்டது.

"பல் இருக்கும், அண்ணாச்சி."

"வெளையாடாதே. போன வாரம் ஒரு சுண்டெலியைக் காணவில்லையாமே."

"அவன் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான்."

"மாமியார் வீட்டில் போய் நீ பார்த்தாயா?"

முயல் காதை உதறிக்கொண்டு போய்விட்டது. ஆனால் மறுநாள் முதலையின் முதுகில் ஏறும்போது நடுவில் உட்கார்ந்தது. அடுத்த நாள் நாலு பேர்தான் ஏறினார்கள். கூலி குறைந்தது. முதலை தாமரை இலையைப் பார்த்தது. பிறகு கல்லின் மேல் இருந்த ஆமையைப் பார்த்தது. நீந்திப் போனது.

ஆமைக்கு அதுவும் போதவில்லை. வாயைத் திறந்து பார்த்தால்தான் தூக்கம் வரும் போலிருந்தது. ஒரு காலை மூன்று பாச்சைகளைக் கவ்விக்கொண்டு துறைக்கு வந்தது.

"அண்ணாச்சி, நீங்களா?" என்றது மூக்காயி என்கிற அணில். "இவள் முதுகில் என் நிழல்கூடப் படாது என்று சொன்னீர்களே?"

"கால் வீக்கம். அக்கரைக்குப் போய் வைத்தியம் பார்க்கணும்."

"ஆற்றிலேயே பிறந்தவருக்கு ஆற்றைக் கடக்கத் தோணியா?"

"கூலி கொடுக்கிறேன். உனக்கென்ன?"

முதலை ஆமையை ஒரு நொடி பார்த்தது. பிறகு முதுகைத் தாழ்த்தியது. ஆமை எல்லாருக்கும் முன்னால் போய், முதலையின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் அணில், அதற்குப் பின்னால் முயல், கடைசியில் இரண்டு எலிகள்.

நடு ஆற்றில் ஒரு கரும்பாறை உண்டு. அதைச் சுற்றித் தண்ணீர் இழுக்கும். அடியில் வாளை மீன்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பாறை கண்ணில் பட்டதும் ஆமை ஆரம்பித்தது.

"என்ன வெள்ளத்தாயி, சௌக்கியமா?"

முதலை கண்ணை மூடித் திறந்தது.

"பெரியவன் கேட்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் துறை தேய்ந்து போகுமா?"

முதலை பாறையை ஒட்டாமல் விலகி நீந்தியது.

"மணல் மேட்டில் குழி தோண்டி முட்டை வைத்தாயே. மூன்று மாதம் முன்னால். நான் பார்த்தேன். பொரித்திருக்குமே?"

முதலையின் முதுகு ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. அணில் தோலைப் பிடித்துக்கொண்டது.

"பெற்றதைக் கொக்குக்கும் உடும்புக்கும் விட்டுவிட்டு ஊராரைச் சுமக்க வந்துவிட்டாய். நீயெல்லாம் ஒரு தாயா?"

"அண்ணாச்சி, சும்மா வாருங்கள்" என்றது அணில். "இது பேசுகிற இடமா?"

முதலை இன்னும் வாய் திறக்கவில்லை. அதன் மூக்கிலிருந்து மட்டும் சூடாக ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு சேர்ந்து, உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம். 'ஞக்' என்று ஒன்று. அதற்குப் பதில் சொல்வதுபோல 'ஞக், ஞக்' என்று இன்னொன்று.

ஆமைக்குக் கோபம் மறந்துவிட்டது. பாறை மறந்துவிட்டது. கழுத்திலிருந்து நகர்ந்து நெற்றிக்குப் போனது. நெற்றியிலிருந்து மூக்குக்குப் போனது. இருக்கிற கழுத்தை எல்லாம் நீட்டி, உதட்டோரத்தில் தலையை வைத்துக் கேட்டது.

ஆமையின் பாரம் முழுவதும் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. முதலையின் தலை முங்கியது. முதுகு ஒரு பக்கம் சாய்ந்தது. முயலும் எலிகளும் வால் முள்ளைப் பிடித்துத் தொங்கின. அணில் விழுந்துவிட்டது. ஆமையும் வழுக்கி முதலையின் முகத்துக்கு நேரே விழுந்தது.

தண்ணீர் அணிலைப் பாறைப் பக்கம் இழுத்தது. ஒரு வாளை மீன் திரும்பியது.

முதலை அணிலைப் பார்த்தது. அதைக் கவ்வித் தூக்க வாய்தான் வேண்டும். அந்த வாய் நிறைந்திருந்தது. முதலை எதிரே மிதந்த ஆமையைப் பார்த்தது. இந்த ஆற்றில் தனக்கு ஆகாத ஒரே ஆளை, வேறு வழியில்லாமல் பார்த்தது.

பிறகு வாயைத் திறந்தது.

உள்ளே எட்டுக் குட்டி முதலைகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் பருமன்.

"அண்ணாச்சி, பார்த்துக்கொள்ளுங்கள்."

இருபது நாளில் அது பேசிய முதல் வார்த்தை அதுதான். எட்டையும் ஆமையின் ஓட்டின் மேல் உருட்டிவிட்டது. முயலையும் எலிகளையும் சுமந்தபடியே பாறைப் பக்கம் பாய்ந்தது.

ஆமை தனியே மிதந்தது. முதுகில் எட்டுப் பேர் ஊர்ந்தார்கள். ஒன்று கழுத்து மடிப்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. இன்னொன்று நேராகத் தலைக்கு வந்து, ஆமையின் வாய்மேல் குறுக்கே படுத்துக்கொண்டது.

ஏற்றியவரை ஆற்றுக்குப் பறிகொடுத்தவருக்குத் துறை கிடையாது. அதுவும் அந்த ஆற்றுக் கட்டுப்பாடுதான். அணில் போனால் துறை தனக்குத் திரும்பும். ஆமைக்கு அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

அதற்குள் ஒரு வாளை அடியிலிருந்து வந்து ஆமையின் பின்னங்காலைக் கவ்வியது. பயம் வந்தால் ஆமைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. தலையை இழு, காலை இழு, உள்ளே கிட. ஆயுள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் இப்போது காலை இழுத்தால் முங்கிவிடும். முங்கினால் எட்டும் தண்ணீரில் போகும்.

ஆமை காலை இழுக்கவில்லை. வாளையின் மூக்கில் ஓர் உதை விட்டது. ஆமையின் கால் விரல் ஒன்று மீனோடு போயிற்று. மற்ற மூன்று காலையும் வீசி வீசித் துழாவியது. கத்தலாம் என்றால் வாய்மேல் குட்டி. திட்டலாம் என்றால் வாய்மேல் குட்டி. மூச்சைக்கூட மூக்காலேயே விட்டுக்கொண்டு, வாழ்நாளில் இல்லாத வேகத்தில் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் முதலையும் வந்தது. வாயைத் திறந்து அணிலை மணலில் வைத்தது. அணில் இருமியது, தும்மியது, வாலை உதறியது. முதலை ஆமையின் முதுகைப் பார்த்தது. அதன் கண்கள் குட்டிகள் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்து போயின. எட்டு இருந்தன. அப்போதுதான் அதன் உடம்பு தளர்ந்து மணலில் படிந்தது.

முயல்தான் முதலில் பேசியது.

"பிள்ளைக்காரியா நீ? வாய்க்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டா தோணி விட்டாய்? கவனம் பிள்ளைமேல் இருக்குமா, எங்கள்மேல் இருக்குமா? உன்னை நம்பி இனி எப்படி ஏறுவது?"

"இப்படிக் கேட்பாய் என்றுதான் சொல்லவில்லை, முத்திருளா" என்றது முதலை. "கரையில் விட்டால் உடும்பு தூக்கும். கூடவே இருந்தால் மூன்று நாளில் துறை போகும். துறை போனால் இவர்களுக்குப் பாச்சை யார் கொடுப்பார்?"

முயல் வாயைத் திறந்தது. அதற்குள் ஆமை, வாய்மேல் இருந்த குட்டியை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தது.

"இருபது நாள் ஓட்டினாள். உன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதா?"

"படவில்லை."

"இன்றைக்குக் கவிழ்த்தது யார்?"

முயல் தயங்கியது. "நீங்கள்தான், அண்ணாச்சி."

"பிறகு அவளிடம் என்ன கேள்வி? என்னிடம் கேள். சுண்டெலிப் பேச்சைக் கிளப்பியதும் நான்தான். அவன் மாமியார் வீட்டில்தான் இருக்கிறான்."

சொல்லிவிட்டு ஆமை, பழக்கம் போகாமல், தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்து மடிப்பைப் பிடித்திருந்த குட்டியும் கூடவே உள்ளே போயிற்று. 'ஞக்' என்று சத்தம் கேட்டதும் ஆமை அவசரமாக வெளியே வந்தது. அணில் சிரித்துவிட்டது. அது சிரித்ததும் எலிகளும் சிரித்தன.

மறுநாள் காலையில் முதலை துறையில் நின்றது. எலி கேட்டதற்கும் ஓணான் கேட்டதற்கும் இருபது நாள் பேச்சைச் சேர்த்துப் பேசியது. பக்கத்திலேயே ஆமை நீந்தியது. அதன் ஓட்டின் மேல் எட்டுக் குட்டிகளும் வரிசையாக வெயில் காய்ந்தன. முதலை எங்கே போனாலும் பிள்ளைகள் கண்ணெதிரே இருந்தார்கள்.

ஆமையின் மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். "இந்தத் துறை என்னுடையது, தெரிந்துகொள்ளுங்கள்" என்று தினமும் குட்டிகளுக்குச் சொல்லும். குட்டிகள் 'ஞக்' என்று ஒப்புக்கொள்ளும். அதில் அதற்கு ஒரு திருப்தி.

ஒன்று மட்டும் ஆமைக்குப் புரியவில்லை. ஒருநாள் முதலையிடமே கேட்டுவிட்டது.

"அன்றைக்கு நான் அவ்வளவு கேவலமாகப் பேசினேனே. உனக்குக் கோபம் வரவில்லையா?"

"வந்தது, அண்ணாச்சி. வாய் நிறையப் பிள்ளைகள். கோபத்தை எங்கே வைப்பேன்?"

ஆமை கழுத்தைத் திருப்பி, முதுகில் இருந்த எட்டையும் ஒரு தடவை எண்ணிக்கொண்டது.

வேலைக்குப் போகிற தாயைக் குறை சொல்ல வாய் துடிக்கிறவர், அவள் சுமையில் பாதியை ஒரு கரை தூரமாவது சுமந்து பார்த்துவிட்டுப் பிறகு பேச வேண்டும்.