கண்ணை மூடிப் பால் குடித்த குட்டி

அந்தக் காலத்தில், மாடும் பூனையும் எலியும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பூனைகள் வீட்டுக்குள் வாழவில்லை. ஊருக்கு வெளியே உடைமரக் காட்டில்தான் இருந்தன. மனிதர்களை அவற்றுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் சொல்லும். கேட்டவருக்குத்தான் கோபம் வரும்.

அந்தக் காட்டோரத்து ஊரில் ஆவுடைத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சுடலைமுத்து மாடு மேய்ப்பான். அவள் பால் கறந்து, தயிர் கடைந்து, வெண்ணெய் உருக்குவாள். படு கெட்டிக்காரி. கன்று செத்துப்போன பசு பால் தராமல் உதைத்தால், செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்திவிடுவாள். "ஏன் எம்பிள்ள பேசவே மாட்டேங்கு?" என்று பசு கேட்டால், "தூக்கக் கலக்கம்" என்பாள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். மாட்டுக்காரர் வீடுகளில் இது வழக்கம்தான். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

ஊரில் எலித்தொல்லை தாங்க முடியவில்லை. விதைநெல்லையே தின்று தீர்த்தன. ஆவுடைத்தாய் வீட்டில் உறிக்கயிற்றைக் கடித்து வெண்ணெய்ப் பானையைக் கீழே தள்ளின. அன்றைக்கே அவள் காட்டுக்குப் போய், குட்டி போட்டிருந்த ஒரு தாய்ப்பூனையின் முன்னால் நின்றாள்.

"ஒரு பிள்ளையக் குடு தாயி. எம்பிள்ளையா வச்சுக்கிடுதேன்."

தாய்ப்பூனை குட்டிகளில் ஒன்றை முன்னால் தள்ளியது. "குடுக்கேன். ஆனா கேட்டுக்கோ. புது வீட்டுக்கு வந்தா பயந்து ஒளியும். இழுத்து வெளிய போடாத, தானா வரும். பழைய சேலைய விரிச்சுக் குடு. பால வெதுவெதுப்பா, கொஞ்சங்கொஞ்சமா, அடிக்கடி குடு. இப்பவே எலி பிடிக்கச் சொல்லி விரட்டாத."

"அம்புட்டுத்தான?"

"இன்னொண்ணு. எம்பிள்ள சொன்னத நம்பிரும். அதுகிட்ட பொய் சொல்லாத. பௌர்ணமியன்னிக்கு வந்து பாப்பேன். பிள்ள வாடிக்கெடந்தா தூக்கிட்டுப் போயிருவேன். பெறவு எங்க கூட்டத்துல ஒண்ணுகூட ஒங்க ஊரு வாசல மிதிக்காது."

ஆவுடைத்தாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். குட்டியை முந்தானையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதலில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். குட்டி வந்ததும் நெல் கொட்டிவைக்கும் குதிருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அவள் இழுக்கவில்லை. சேலைத்துணியையும் தேங்காய்ச் சிரட்டையில் பாலையும் அங்கேயே வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஒருநாள் அவள் தயிர் கடையும்போது குட்டி தலையை மட்டும் நீட்டியது.

"சித்தி, அது என்ன சத்தம்?"

"மத்துடா கண்ணு. கடிக்காது."

குட்டி வந்து அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. பிள்ளை இல்லாத மடி அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு வீடு முழுக்க அதன் பேச்சுத்தான். தொழுவத்துக்குப் போனால் அங்கும் கேள்வி.

"சித்தி, அந்தக் கன்னுக்குட்டி ஏன் அசையவே மாட்டேங்கு?"

ஆவுடைத்தாய் அதன் காதோடு சொன்னாள். "அது வெறும் வைக்கோலு. பசுவுக்குத் தெரியாது. நீ சொல்லிராத."

குட்டி பசுவையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாவம்" என்று மட்டும் சொன்னது.

அப்போதுதான் நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. ஆவுடைத்தாய் சும்மா இருந்திருக்கலாம். சபையில் நான்கு பேர் பார்க்க, "நெய்யி பூரா என் பொறுப்பு" என்று வாயை விட்டுவிட்டாள். கறக்கிற பாலெல்லாம் நெய்க்கே பற்றாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. குட்டியின் சிரட்டையைப் பார்த்தாள். ஒரு பசுவையே வைக்கோலைக் காட்டி ஏமாற்றுகிறவளுக்கு ஒரு குட்டி எம்மாத்திரம்? அரிசி களைந்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாலை விட்டாள். பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பாகக்கூட ஆக்கினாள்.

குட்டி குடித்துப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தது. "இன்னிக்குப் பாலு வேற மாதிரி இருக்கு சித்தி."

"மாடு வேற புல்லத் தின்னுருக்கு."

"நல்ல புல்லு கெடைக்கலையா? பாவம் மாடு" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தது. ஆவுடைத்தாய்க்கு நெஞ்சில் சுருக்கென்றது. கல்யாணம் முடியட்டும், சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

குட்டி இளைத்தது. மடியில் தாவி ஏற முடியாமல் அவள் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கேள்விகளும் குறைந்தன. "ஏட்டி, குட்டி ஏன் நோஞ்சானா இருக்கு?" என்று சுடலைமுத்து கேட்டான். "புது எடம்லா" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

பௌர்ணமியன்று காலையில் வாசலில் தாய்ப்பூனை வந்து நின்றது. நெய்க்குடமும் அன்றைக்குத்தான் நிரம்பியிருந்தது.

ஆவுடைத்தாய் அடுப்படிக்கு ஓடினாள். அவசர அவசரமாக நல்ல பாலைச் சுண்டக் காய்ச்சி, ஆற்றி, ஏடு மிதக்கச் சிரட்டையில் ஊற்றினாள். தாய்ப்பூனை குட்டியின் விலா எலும்பை முகர்ந்து பார்த்தது.

"ஏன் இப்படி ஆயிட்ட? தெனமும் இந்தப் பாலுதான் குடிக்கியா? குடிச்சுப் பாத்துச் சொல்லு."

குட்டி ஒருமுறை நக்கியது. நக்கியதுமே அதற்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து ஆவுடைத்தாயைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள். ஊர்ச் சபையில் நிற்கவைத்துச் சேலையை உருவியிருந்தால்கூட அவள் அப்படிக் கூசியிருக்கமாட்டாள். குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. இப்போது இது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டது. மூடிய கண்ணோடு பாலைக் கடைசிச் சொட்டு வரை குடித்தது.

"இதேதாம்மா. தெனமும் இதேதான். ஒன்ன நெனச்சுத்தான் எனக்குச் சரியா எறங்கல."

தாய்ப்பூனை அதை நம்பியது. குட்டியை ஒருமுறை நக்கிக்கொடுத்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிப் போனது.

ஆவுடைத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள்.

"ஒங்க மூஞ்சியப் பாத்தேன் சித்தி. பாக்க முடியல. அதான் கண்ண மூடிக்கிட்டேன்."

"என்னயப் பழி சொல்லியிருக்கலாம்லா?"

குட்டி தொழுவத்துப் பக்கம் பார்த்தது. "அந்தப் பசுவுக்கும் தெரியும்னுதான் நெனைக்கேன். தெரிஞ்சுதான் சுரக்கு."

ஆவுடைத்தாய் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மாகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல" என்றது குட்டி. "இனிப் பேசினா, என்னிக்காவது உண்மை வாயில வந்துரும். அதனால பேசமாட்டேன்." சொன்னபடியே வாயை மூடிக்கொண்டது. அதற்கப்புறம் பசிக்கும்போது ஒரு 'மியாவ்'. அவ்வளவுதான்.

அன்று மாலையே அவள் வைக்கோல் கன்றைத் தொழுவத்திலிருந்து தூக்கிக் குழிதோண்டிப் புதைத்தாள். நெய்க்குடம் கல்யாணத்துக்குப் போனது. பந்தியில் எல்லோரும் மணக்கிறது, மணக்கிறது என்று புகழ்ந்தார்கள். அவள் இலையில் விழுந்த நெய்யை அவளால் தொட முடியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, கறந்த பாலில் முதல் சிரட்டையைக் குட்டிக்கு வைத்தாள். சுத்தமான பால். ஆனாலும் குட்டி கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தது. குட்டி தேறிவிட்டது, எலிகள் ஊரைவிட்டு ஓடின, எல்லாம் நடந்தது. அந்தக் கண் மட்டும் பால் சிரட்டையின் முன்னால் திறக்கவே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டால் யாரும் தன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று பூனை நினைக்கிறதாம். நாம் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை? அன்று முதல்தான் பூனை, பால் வைக்கிற மனிதரின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று, கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிறது.