மலைக்கும் சேர்த்து ஒரு சம்மதம்

"அம்மா, தப்பு என்னுதா, போனுதா?" என்று கேட்டார் தணிகைவேல்.

அருளம்மை ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அந்தச் சின்ன ஸ்பேனரை எடுங்க" என்றது ஜீப்புக்கு அடியிலிருந்து குரல்.

எடுத்துக் கொடுத்தார்.

அந்த மலை மடத்துக்கு அருளம்மைதான் தலைவி. நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் தணிகைவேல் அறுபதை நெருங்கியவர். சென்னையில் ஒரு கைப்பேசி நிறுவனத்தில் புது மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்து, எல்லாம் போதும் என்று காவி கட்டி மலை ஏறியவர். எல்லாம் என்பதில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது.

மலைக்கு ஆம்புலன்ஸ் ஏறாது. மடத்தில் ஒரு ஜீப் உண்டு. பாம்பு கடித்தாலும் பிரசவ வலி கண்டாலும் மலை ஜனங்கள் மடத்துப் போனுக்குத்தான் அடிப்பார்கள். இருப்பது ஒரே போன். அது தணிகைவேலின் பொறுப்பு.

போன வாரம் பழைய சகா ஒருவரிடமிருந்து, புதுசு ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. இன்னும் வெளிவராத புது இயங்குதளத்தின் முன்னோட்டப் பதிப்பு. கொஞ்சம் பேருக்குத்தான் கொடுப்பார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் தானும் ஒருவன் என்ற எண்ணம் தித்தித்தது. மடத்துப் போனில் ஏற்றிவிட்டார்.

புதுப் பதிப்புக்குப் புது சாமர்த்தியம் ஒன்று இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மணியை அடக்கி, தனியே ஒதுக்கி வைக்கும். அதே எண் மறுபடி அடித்தால் தொந்தரவுக்காரன் என்று உறுதி செய்துகொள்ளும். அடித்தவன் காதில் மட்டும், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொல்லும்.

வியாழக்கிழமை மத்தியானம் கடுக்காய்ப்பாறை சடையனின் மனைவி செங்கம்மாவுக்கு வலி கண்டது. சடையன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் ஏறி மடத்துக்கு அடித்தான். எல்லைக்கு வெளியே என்றது குரல். சிக்னல் இல்லை என்று நினைத்து அடுத்த பாறைக்கு ஓடினான். அங்கிருந்தும் அடித்தான். அதற்கடுத்த பாறைக்கும் ஓடினான்.

கடைசியில் கம்பில் போர்வையை டோலியாகக் கட்டித் தூக்கினார்கள். வழியிலேயே பெண் குழந்தை பிறந்தது. செங்கம்மா அடிவாரம் வந்து சேரவில்லை.

அந்த நேரத்தில் தணிகைவேல் கையில்தான் போன் இருந்தது. புதுப் பதிப்பில் எழுத்துகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன என்று நிறுவனத்துக்குப் பாராட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஒதுக்கி வைத்த அழைப்புகளை அவர் பார்த்தபோது செங்கம்மாவைப் புதைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள்.

"நடந்ததெல்லாம் சொல்லிட்டேன். நான் கேட்டது காதுல விழுந்துதாம்மா?"

"விழுந்துது. அதை ஏத்தறப்போ போன் உங்களை ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"என்னன்னு?"

"'இது முழுமையான பதிப்பு அல்ல. அன்றாடம் நம்பியிருக்கும் போனில் இதை ஏற்ற வேண்டாம்.' அப்படின்னு இருந்துச்சு. கீழே சம்மதம்னு ஒரு பொத்தான்."

"அமுக்கிட்டீங்க."

"எல்லாரும் அமுக்கறதுதான் அம்மா. யாரு அதையெல்லாம் படிக்கறாங்க?"

"நீங்க படிச்சிருக்கீங்களே. வரி மாறாம ஒப்பிக்கறீங்க."

தணிகைவேல் தலையைச் சொறிந்தார்.

ஜீப்புக்கு அடியில் நட்டு கிறீச்சிட்டது.

"அது யாரோட சம்மதம்?"



அருளம்மை வெளியே வந்து எழுந்து நின்றார். நெற்றியில் திருநீறும் கிரீஸும் கலந்திருந்தன.

"சடையன் எப்படி இருக்கான்?"

"சொல்ற மாதிரி இல்லம்மா. மாமனார் வந்து குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டாராம். 'பொண்டாட்டி துடிக்கறப்போ போனைத் தூக்கிக்கிட்டுப் பாறை பாறையாத் திரிஞ்சவன், உன்கிட்ட என் பேத்தியை விடமாட்டேன்'னு ஊர் நடுவுல நின்னு கத்தினாராம்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லலையாம். ஆமான்னு தலையை ஆட்டினானாம். போனை நம்பாம அப்பவே டோலி கட்டியிருந்தா அவ பொழைச்சிருப்பா, நான்தான் கொன்னுட்டேன்னு பொலம்பிக்கிட்டே இருக்கானாம்."

"அவன் போட்ட போனெல்லாம் வந்து சேந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

அருளம்மை கையைத் துடைத்த பழந்துணியை ஜீப் மேல் போட்டார்.

"மடத்துப் போன் இப்ப அடிக்குமா?"

தணிகைவேல் தயங்கினார். "இன்னும் அதே பதிப்புதான் இருக்கு."

"இன்னுமா?"

"காரணம் இருக்கும்மா. பழைய பதிப்புக்குத் திரும்பினா உள்ளே இருக்கறது அத்தனையும் அழிஞ்சிடும். சடையன் கூப்பிட்ட பதிவும் போயிடும். அதுதான் ஒரே சாட்சி. அதைக் காப்பாத்தணும்னுதான் தொடாம வச்சிருக்கேன்."

"யாருக்குக் காட்ட?"

தணிகைவேல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாருக்காவது காட்டினீங்களா?"

"இல்லம்மா."

"அழிங்க."

"அம்மா, அழிச்சிட்டா ஆதாரமே இல்லாமப் போயிடும்."

"இன்னொருத்திக்கு வலி எடுக்கும் தணிகைவேல். போன் அடிக்கணும். அழிங்க."

அலுவலக அறைக் கணினியில் போனைச் சொருகினார். அருளம்மை பக்கத்திலேயே நின்றார். திரை கருத்தது. ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து முடிந்தது. கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி, எதுவுமே நடக்காத முகத்தோடு போன் விழித்தது.

அருளம்மை சமையல்காரரின் போனை வாங்கி மடத்து எண்ணுக்கு அடித்தார்.

மணி அடித்தது.



"இப்ப சாட்சி எங்க?" என்று கேட்டார் அருளம்மை.

"அழிஞ்சிடுச்சும்மா."

அருளம்மை அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணி ஓய்ந்த பிறகும் எடுக்கவில்லை. தணிகைவேல்தான் தலையைக் குனிந்தார்.

"சரிம்மா. சடையன்கிட்டச் சொல்லிடறேன்." கொஞ்சம் பொறுத்து, "எனக்காக ஒண்ணு செய்வீங்களா?" என்றார்.

"என்ன?"

"முதல்ல நீங்க ஒரு நடை போய், பட்டும் படாம பேச்சுக் கொடுத்துப் பாருங்க. கேட்டா அழுவானா, அரிவாளைத் தூக்குவானா, போகட்டும் விடுங்கம்பானான்னு கொஞ்சம் தெரிஞ்சுதுன்னா, நானும் அதுக்குத் தகுந்த மாதிரி..."

அருளம்மை சிரித்தார். பார்க்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

இடுப்பிலிருந்து ஜீப் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பிரேக் புதுசு மாத்தியிருக்கேன். இன்னும் ஓட்டிப் பாக்கல. கடுக்காய்ப்பாறை வரைக்கும் இறக்கம்தான். போறீங்களா?"

தணிகைவேல் சாவியைப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுத்தார். போனையும் கொடுத்தார்.

நடந்தார்.

செங்கம்மாவை டோலியில் தூக்கிப் போனதும், கடுக்காய்ப்பாறையைத் தாண்டி அடிவாரத்துக்கு இறங்கும் இதே பாதையில்தான். இரண்டு இடங்களில் வழுக்கி விழுந்தார். என்ன சொல்வது, எதில் ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மென்பொருளின் குறை, அந்த சகா, தன் வயசு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வீடு கண்ணில் பட்டதும் எல்லாம் மறந்துபோனது.

சடையன் வாசலில் குந்தி அரிவாளால் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க சாமி. இம்புட்டுத் தூரம் நடந்தா வந்தீங்க? ஜீப்பு படுத்திருச்சா?"

"சடையா, நீ போட்ட போனெல்லாம் வந்து சேந்துச்சுப்பா."

சடையன் நிமிர்ந்து பார்த்தான்.

"சிக்னல் இருந்துச்சு. நான்தான் மடத்துப் போன்ல புதுசா ஒண்ணை ஏத்தி வச்சிருந்தேன். அது மணியை அடிக்க விடல. ஏத்தாதேன்னு அதுலயே எழுதியிருந்துச்சு. படிச்சுட்டுதான் ஏத்தினேன்."

செதுக்கிய கை நின்றது.

"எல்லாமே வந்துச்சா?"

"எல்லாமே."

"மொத போனு? இந்தப் பின்னாடிப் பாறையிலேருந்து போட்டது?"

"அதுவும்தான்."

சடையன் காம்பைக் கீழே வைத்தான். அரிவாள் அவன் கையிலேயே இருந்தது. தணிகைவேல் நகராமல் நின்றார்.

அதையும் வைத்துவிட்டு எழுந்தான். கூரையில் சொருகியிருந்த போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தான். வா என்று சொல்லவில்லை. தணிகைவேல் பின்னாலேயே போனார்.

பாறை உச்சியில் நின்று எண்ணை அழுத்தி, போனை அவர் காதில் வைத்தான்.

"எங்க மாமனாரு. எங்கிட்டச் சொன்னதை அவருகிட்டச் சொல்லுங்க."

மறுமுனையில் மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

"எடுக்கலப்பா" என்றார் தணிகைவேல்.

"என் நம்பருன்னா எடுக்க மாட்டாரு."

"அப்ப நாளைக்கு..."

"திரும்பப் போடுங்க சாமி" என்றான் சடையன். "நான் போட்டேன்ல?"