புழுதியின் இடது கை

கள்ளிமேட்டுக் காட்டில் துடியன் என்றொரு முயல் இருந்தான். அந்தக் காட்டின் குத்துச்சண்டைச் சாம்பியன் அவன்தான்.

முயலுக்கு ஏது குத்துச்சண்டை என்று கேட்க வேண்டாம். பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களால் மூஞ்சியிலேயே மாறி மாறி அறைந்துகொள்வது முயல்களின் வழக்கம். தூரத்திலிருந்து பார்க்கிற மனிதர்கள் விளையாடுகின்றன என்று நினைத்துச் சிரிப்பார்கள். அறை வாங்கிய முயலைக் கேட்டால் அல்லவா தெரியும்!

காட்டின் நடுவே ஒரு பாழுங்கிணறு. கோடையில் காடு முழுக்கக் காய்ந்து கிடந்தாலும், கிணற்றைச் சுற்றிய மேட்டில் மட்டும் அருகம்புல் பச்சையாக நிற்கும். சாம்பியன் எவனோ, அவன் குடும்பத்துக்கே அந்தக் கிணற்றுமேடு. ஆனால் சும்மா இல்லை. ஒவ்வொரு பௌர்ணமி மாலையிலும் சாம்பியன் ஒருவனோடு மோதியாக வேண்டும். மோதாவிட்டால் மேடு பொதுவுக்குப் போய்விடும். யாரோடு மோதுவது என்பதை மட்டும் சாம்பியனே சொல்லலாம்.

விதிகளிலேயே துடியனுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதிதான்.

பௌர்ணமி நெருங்கினால் குட்டையிலிருந்து நடுவர் ஆமையார் மெல்ல ஏறி வருவார்.

“இந்தத் தடவை யாரோட?” என்று கேட்பார்.

“ஆத்தங்கரை முயலோட!” என்பான் துடியன்.

அடுத்த மாதம் பனங்காட்டு முயல். அதற்கடுத்து உப்பளத்து முயல். எல்லோரும் வெளியூர்க்காரர்கள். எல்லோரையும் துடியன் ஜெயித்தான். நேர்மையாகவே ஜெயித்தான். அவன் நல்ல சண்டைக்காரன், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. கிணற்றுமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு காரைப்புதர். அதில் புழுதி என்றொரு முயல் குடியிருந்தான். தோள் அகன்றவன். அவனும் ஒருகாலத்தில் நாலு பேரை அடித்துப் போட்டவன்தான். அவன் பெயரைத் துடியன் ஒரு தடவைகூட ஆமையாரிடம் சொன்னதில்லை.

காட்டுச் செய்திகளையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தவிட்டுக்குருவிகள். கூட்டமாகவே திரியும், கூட்டமாகவே பேசும்.

“துடியன் ஏன் புழுதியோட மோத மாட்டேங்கிறான்?”

“ஒருவேளை பயமோ?”

“பயமாத்தான் இருக்கும்.”

“பயமேதான்!”

“யாரு சொன்னது?”

“நீதானே இப்பச் சொன்னே!”

முதல் அலகில் கேள்வியாகப் புறப்பட்டது, கடைசி அலகுக்குப் போவதற்குள் செய்தியாகிவிட்டது.

துடியனின் சண்டைகளை ஏற்பாடு செய்கிறவன் சுருளி என்ற கீரி. யார் என்ன கேட்டாலும் சுருளியிடம் பதில் தயாராக இருக்கும். “சாம்பியனுக்கு முன்னங்கால்ல முள்ளு குத்தியிருக்கு” என்பான் ஒரு மாதம். “காத்து தெற்கேயிருந்து அடிக்குது. தூசியில மோதினா ரெண்டு பேருக்கும் கண்ணு போயிடும்” என்பான் மறு மாதம். இரண்டும் தீர்ந்துபோனால், “புழுதி முதல்ல வெளியூர்ல நாலு பேரை ஜெயிச்சுட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்” என்பான்.

“நம்ம காட்டு ஆளோட மோத, வெளியூர்ல ஏன் ஜெயிக்கணும்?” என்று ஒரு கவுதாரி கேட்டது.

“அதெல்லாம் முறைம்மா, முறை!” என்றான் சுருளி.

உண்மை என்னவென்று துடியனுக்குத் தெரியும். குட்டியாக இருந்தபோது ஒரு மழை நாளில் அவனும் புழுதியும் துரத்தி விளையாடினார்கள். ஓரிடத்தில் இருவரும் எழுந்து நின்று அறைந்துகொண்டார்கள். புழுதியின் இடது கை வந்தது மட்டும்தான் துடியனுக்கு நினைவு. அடுத்து அவன் சேற்றில் மல்லாந்து கிடந்தான். அன்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த இடது கை அவனை விட்டுப் போகவே இல்லை. நினைக்க நினைக்க அது பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் விளாம்பழம் அளவு இருந்தது. பிறகு பனங்காய் அளவு. இப்போது கண்ணை மூடினால் கிணற்றுக் கல் அளவுக்குத் தெரிந்தது.

இதை அவன் சுருளியிடம் மட்டும் ஒருநாள் சொன்னான். “யார்கிட்டயும் சொல்லிடாதே” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னான். சுருளி யாரிடமும் சொல்லவில்லை. தவிட்டுக்குருவிகள் உட்கார்ந்திருந்த மரத்தடியில் நின்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அந்தக் கோடை கொடுமையாக வந்தது. துடியனின் மனைவி தும்பை கிணற்றுமேட்டுப் புல்லில் மூன்று குட்டிகளைப் போட்டிருந்தாள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மேட்டை விட்டால் வேறு எங்கும் கடிக்கப் பச்சை இல்லை.

பௌர்ணமி நெருங்கியது. ஆமையார் வந்தார்.

“யாரோட?”

“மலையடிவாரத்துப் பாறையனோட!” என்றான் துடியன் கம்பீரமாக.

சுருளி அழைக்கப் போனான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான். வால் தொங்கியிருந்தது.

“வர மாட்டேன்னுட்டான், சாம்பியன்!”

“ஏன், பயந்துட்டானா?”

“அப்படிச் சொல்லலை. ‘உங்க காட்டுலயே புழுதின்னு ஒருத்தன் இருக்கானாமே, துடியனே அவனைக் கண்டா ஒதுங்குறானாமே. அப்ப யாரு சாம்பியன்? நான் ஜெயிச்சாலும் புழுதிக்குப் பயந்தவனை ஜெயிச்சேன்னுதானே பேரு வரும்? அவனை முடிச்சுட்டு வரச்சொல்லு’ன்னு சொல்லிட்டான்.”

“சரி, ஆத்தங்கரைக்காரனைக் கேளு!”

“கேட்டேன். பனங்காட்டானையும் கேட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. இந்தக் குருவிங்க அங்கெல்லாம் போயிட்டு வந்திருக்கு போல” என்றான் சுருளி. அப்போது அவன் துடியனின் முகத்தைப் பார்க்கவில்லை.

தும்பை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். குட்டிகள் அவள் வயிற்றடியில் முட்டிக்கொண்டிருந்தன.

“ஏங்க, புழுதி வீடு எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள்.

“உனக்குத் தெரியாதா? இதோ, நாலு தாவு.”

“அப்ப உப்பளம்?”

துடியன் குட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உப்பளத்துலயிருந்து ஆளை வரவழைச்சுச் சண்டை போடுறீங்க. நாலு தாவு தாவ முடியலை. பௌர்ணமிக்குள்ள மோதலேன்னா, இதுங்களை நான் எந்த முள்ளுக்கு அடியில கொண்டுபோய் வைக்கிறது?”

துடியன் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு காரைப்புதருக்குப் புறப்பட்டான். நாலு தாவு தூரத்துக்கு அன்று நாற்பது தடவை நின்றான்.

புழுதி புதர் நிழலில் படுத்திருந்தான். நன்றாகக் கொழுத்திருந்தான். துடியனைக் கண்டதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

“வாடா துடியா! என்ன இந்தப் பக்கம்?”

“பௌர்ணமிக்கு நீயும் நானும் மோதணும்” என்றான் துடியன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். இரண்டு மூச்சு எடுத்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான்.

புழுதியின் மீசை மேலும் கீழும் ஆடியது.

“பௌர்ணமிக்கா? ஐயையோ, எனக்கு முன்னங்கால்ல முள்ளு குத்தியிருக்கேப்பா.”

துடியன் காதை நிமிர்த்தினான். இந்த முள்ளை அவன் எங்கேயோ கேட்டிருக்கிறான்.

“சரி, அடுத்த பௌர்ணமி வரைக்கும் ஆமையார்கிட்ட வாய்தா கேட்கிறேன்” என்றான்.

“அப்பக் காத்து தெற்கேயிருந்து அடிக்குமே! தூசியில மோதினா ரெண்டு பேருக்கும் கண்ணு போயிடும்!”

துடியன் வாயைப் பிளந்தான்.

“டேய், அதெல்லாம் என்னோட சாக்குடா!”

“நல்லா இருந்துச்சு, அதான் எடுத்துக்கிட்டேன்” என்றான் புழுதி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புழுதிதான் முதலில் குரலைத் தாழ்த்தினான். “உண்மையைச் சொல்றேன் கேளு. நீ என்னைக் கண்டு பயப்படுறேன்னு குருவிங்க கிளப்பிவிட்டதும், என்னோட மோத ஒருத்தனும் வரலை. சாம்பியனே பயப்படுற ஆளாச்சே! நான் போனா எல்லாரும் புல்லை விட்டு விலகிக்கிறாங்க. கிழங்கு தோண்டி வாசல்ல வெச்சிட்டுப் போறாங்க. மூணு கோடையா நான் கையைத் தூக்கலைடா. உன்னோட மோதி நான் தோத்தா, இதெல்லாம் என்ன ஆகும்?”

“அப்ப உன் இடது கை?” என்று கேட்டான் துடியன்.

“அதுவா? அது பெருசுன்னு எனக்கே குருவிங்க சொல்லித்தான் தெரியும்.”

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் கிளை குலுங்கியது.

“புழுதி மாட்டேங்கிறான்!”

“புழுதிக்குப் பயமா?”

“பயமேதான்!”

புழுதி துள்ளி எழுந்தான். இந்தச் செய்தி அடுத்த மரத்துக்குப் போனால் நாளைக்கே வாசலில் கிழங்கு இருக்காது.

“யாருக்குப் பயம்?” என்று மேலே பார்த்துக் கத்தினான். “பௌர்ணமிக்கு வர்றேன்! எல்லாரும் வந்து பாருங்க!”

எல்லோரும் வந்தார்கள். சண்டை நடக்கும் வறண்ட ஏரி மணலில் இடமே இல்லை. மயில்கள் முன்னால் உட்கார்ந்து பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தன. மலையடிவாரத்துப் பாறையன்கூட வந்து ஒரு மேட்டில் நின்றான். தும்பை குட்டிகளோடு ஓரத்தில் இருந்தாள்.

வெயில் சாய்ந்தது. ஆமையார் தலையை நீட்டினார். “தொடங்கலாம்!”

இரண்டு முயல்களும் பின்னங்கால்களில் எழுந்தன. துடியன் எதிராளியைப் பார்க்கவில்லை. எதிராளியின் இடது கையை மட்டும் பார்த்தான்.

அது வந்தது.

துடியன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டப்!

கன்னத்தில் விழுந்தது. துடியன் கீழே விழுவதற்காகக் காத்திருந்தான். முதுகை வளைத்து அதற்குத் தயாராகவும் இருந்தான். விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். நின்றுகொண்டுதான் இருந்தான். அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“என்னடா, விழலையா?” என்று மெதுவாகக் கேட்டான் புழுதி.

“இல்லையே.”

“இடது கையாலதான் அடிச்சேன்.”

“தெரியுது. வலிக்கத்தான் செய்யுது.”

“அன்னிக்கு எப்படி விழுந்தே?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.”

“அன்னிக்கு மழைடா. சேறு வழுக்கியிருக்கும்.”

ஆமையார் தொண்டையைச் செருமினார். “இங்க நடக்கிறது சண்டையா, நலம் விசாரிப்பா?”

கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகுதான் சண்டையே தொடங்கியது.

மோசமான சண்டை இல்லை. புழுதி தோளைக் கொடுத்துத் தள்ளினான். துடியனின் காது நுனி கிழிந்தது. இடது கை மறுபடி மறுபடி வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் அது கொஞ்சம் சிறுத்தது. கடைசியில் ஒரு முயலின் கை அளவுக்கு வந்து நின்றது. மூன்று கோடையாகக் கிழங்கு தின்ற உடம்பு புழுதிக்கு. மேல்மூச்சு வாங்கியது. துடியன் வலது கையால் ஒன்று வைத்தான். புழுதி மணலில் பொத்தென்று உட்கார்ந்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“துடியன் ஜெயித்தான்!” என்றார் ஆமையார்.

கைதட்டல் வந்தது. ஆனால் துடியன் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.

“இவ்வளவுதானா?”

“இதுக்கா மூணு கோடை ஓடினான்?”

“துடியன்தான் ஜெயிப்பான்னு நான் அப்பவே சொன்னேன்!”

“எப்பச் சொன்னே?”

தவிட்டுக்குருவிகள் பறந்துவிட்டன. பாறையன் மேட்டிலிருந்து இறங்கிப் போனான். உப்பளம் வரைக்கும் ஆள் தேடி வாங்கிய பெயரெல்லாம், நாலு தாவு தூரத்தில் இருந்தவனோடு மோதாததால் இவ்வளவு காலம் வீணாகப் போனதே என்று துடியனுக்குத் தோன்றியது. ஆனால் தும்பை குட்டிகளைக் கிணற்றுமேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்ததும், அந்த நினைப்பு கொஞ்சம் அடங்கியது.

“அடுத்த பௌர்ணமிக்கு யாரோட?” என்று ஆமையார் கேட்டார்.

சுருளி ஓடி வந்து காதில் கிசுகிசுத்தான். “சாம்பியன், ரொம்ப தூரத்துல ஒரு ஆள் இருக்கான்…”

“பக்கத்துல யாராவது இருக்கானான்னு பாரு” என்றான் துடியன்.

புழுதி மணலைத் தட்டிவிட்டு எழுந்து நொண்டிக்கொண்டே வந்தான். அவன் வருவதைப் பார்த்தும் இரண்டு இளமுயல்கள் வழி விடாமல் நின்றிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

“ஏண்டா துடியா,” என்றான் வருத்தத்தோடு, “இன்னும் ஒரு ரெண்டு வருஷம் நீ பயந்துக்கிட்டே இருந்திருக்கக் கூடாதா?”

மோதிப் பார்க்காமல் ஒதுக்கி வைக்கும் எதிராளியை நம்முடைய பயமே தீனி போட்டு வளர்க்கிறது.