வீரணன் கல்யாணத்துக்கு ஓட்டை தேய்த்த கதை

கூழாங்காட்டுக்காரர்கள் சொல் தவறாதவர்கள். அவர்கள் கொடுத்த வாக்கைச் சொல்லவில்லை. மற்றவர்கள் அவர்களிடம் சொன்ன சொல்லைத்தான் சொல்கிறேன். ஒரு முறை கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒருவர், "இங்கயே இருங்க, இந்தா வந்துர்றேன்" என்று தங்கமாயனிடம் சொல்லிவிட்டுப் போனார். போனவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தங்கமாயன் மூன்று நாள் அதே கல்லில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கல்லுக்கே வந்தது.

அந்தத் தங்கமாயன், அவர் மனைவி பவளக்கொடி, பவளக்கொடியின் தம்பி ஒச்சப்பன், தங்கமாயனின் தம்பி வீரணன். இந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வண்டி இருந்தது. பெரிய எஸ்டேட் முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன நாலு சக்கர பைக். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பட்டாணி வறுக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் மிளகு மூட்டையெல்லாம் இழுத்துவரும். வழுக்குப்பாறை ஏற்றத்தைப் பார்த்தால் மட்டும் பாதியில் இருமி நின்றுவிடும்.

பாறைக்கு மேலே மேக்காடு என்கிற ஊர். அங்கேதான் வீரணனுக்குப் பேசி முடித்த பெண் செண்பகம் இருந்தாள். போன வருஷம் அதே பாறையில் ஒரு கல்யாணப் பெண் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு தாலி வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து செண்பகத்தின் அப்பா பரமனுக்குப் பயம்.

"என் பொண்ணு கால் அந்தப் பாறையில படக்கூடாது. உங்க வண்டி மேல வரணும், அதுல உக்காந்துதான் அவ கீழ எறங்குவா. பதினெட்டாந்தேதிக்குள்ள வண்டி வரலையா, நாலு கோவேறு கழுதை வச்சிருக்கிற மாப்பிள்ளை ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றார்.

வீரணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கழுதையோடு போட்டி போடுவோம் என்று அவன் நினைத்ததே இல்லை.

தங்கமாயன் பெரியகுளத்து மெக்கானிக் சாகுல் பாய்க்குப் போன் போட்டார்.

"எஞ்சினுக்கு மூச்சு பத்தலை" என்றார் பாய். "சிலிண்டரைக் கழட்டி எடுத்துட்டு வாங்க. ஓட்டையைத் தேய்ச்சுப் பெருசு பண்ணினா பாறை என்ன, பனைமரமே ஏறும்."

மறுநாள் காலை பஸ்ஸில் நாலு பேரும் ஏறினார்கள். சிலிண்டரைப் போர்வையில் சுற்றி ஒச்சப்பன் மடியில் வைத்திருந்தான். போர்வைக்குள் சீக்காளிப் பிள்ளை என்று நினைத்து ஒருவர் எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

பட்டறையில் போர்வையை விலக்கிய பாய் ரெண்டடி பின்னால் தாவினார்.

"அடுப்புக் கேஸ் சிலிண்டர்டா இது!"

"நீங்கதான பாய் கேட்டீங்க?" என்றாள் பவளக்கொடி. "ஒரு வாரம் வெறகுல சமைச்சுக்கிறேன், பரவாயில்ல. ஓட்டையைப் பாத்துப் போடுங்க. புதுசா நெரப்பினது."

பாய் முதலில் சிலிண்டரை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு பழைய எஞ்சின் சிலிண்டரை எடுத்துக் காட்டினார். இரும்புக் குழாய் மாதிரி இருந்தது, சுவரில் ஓட்டைகள். "இந்த ஓட்டை வழியா பெட்ரோல் கலவை உள்ள வரும், இந்த ஓட்டை வழியாப் புகை வெளிய போகும். இதைத்தான் தேய்க்கணும்."

அவரே தேய்த்துக் கொடுத்திருப்பார். ஆனால் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. பதினெட்டாம் தேதி என்றதும் மனசு கேட்காமல் ஒரு வட்ட அரத்தைக் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"புகை போற ஓட்டையோட ஓரத்தை ஒரு மயிரிழை அளவு தேய்ங்க. கீழ் ஓரத்தை மட்டும். மேல தூக்கிறாதீங்க, சொல்லிட்டேன். உள்ள கண்ணாடி மாதிரி இருக்கணும். கடைசியா மண்ணெண்ணெயில குளிப்பாட்டி மாட்டுங்க."

நாலு பேரும் அதை மந்திரம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

எஞ்சினிலிருந்து சிலிண்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தார்கள். தட்டையான தலைப்பக்கம் கீழே இருந்தால்தான் ஆடாமல் நின்றது. அதாவது தலைகீழாக நின்றது.

"திருப்பி வைப்பமா அண்ணே?" என்றான் வீரணன்.

"திருப்பணும்னா தூக்கணும்" என்றார் தங்கமாயன். "மேல தூக்கக்கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காரு."

எனவே சிலிண்டரை யாரும் தூக்கவில்லை. ஒச்சப்பன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அரத்தை உள்ளே விட்டான். அதற்குள் பவளக்கொடி, "நிறுத்துடா. யாரோட மயிரிழை?" என்று கேட்டாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இது யோசிக்க வேண்டிய விஷயம்.

"என் முடி இடுப்புக்குக் கீழ வரும்" என்றாள் பவளக்கொடி. "அந்த அளவுக்குத் தேய்ச்சா ஓட்டை வாசலைத் தாண்டிரும்."

"அப்ப அண்ணன் மீசை?" என்றான் வீரணன்.

"அதுவும் மூணு விரக்கடை இருக்கு. சிலிண்டரே கையளவுதான்."

தங்கமாயன் சுற்றிலும் பார்த்தார். ஒச்சப்பன் போன வாரம்தான் மொட்டை போட்டிருந்தான். தலையில் அரிசி நீளத்துக்கு முடி முளைத்திருந்தது. ஒன்றைப் பிடுங்கி ஓட்டையின் ஓரத்தில் வைத்து அளந்தார்கள். சரியாக இருந்தது. அளவு தப்பாமல் இருக்க நடுநடுவே மறுபடி பிடுங்கி அளந்ததில் ஒச்சப்பன் தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுக்கை விழுந்தது.

கீழ் ஓரத்தைத்தான் தேய்த்தார்கள். சொல் தவறவில்லை. ஆனால் சிலிண்டர் தலைகீழாக நின்றதால், அவர்களுக்குக் கீழ் ஓரமாக இருந்தது எஞ்சினுக்கு மேல் ஓரம்.

அடுத்த ரெண்டு நாள் கண்ணாடி வேலை. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் வீரணன் ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான்.

"என்ன தெரியுது?"

"மூக்கு தெரியுது அண்ணே. கொஞ்சம் பெருசா."

"உன் மூக்கு பெருசுதான். இன்னும் தேய்."

பதினாறாம் தேதி காலையில் வீரணன் அதைப் பார்த்தே முகச்சவரம் செய்துகொண்டான். வெட்டுக்காயம் ரெண்டே ரெண்டுதான். பாய் சொன்ன பதம் வந்துவிட்டது என்று முடிவானது. பிறகு மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினார்கள். வெறும் மண்ணெண்ணெய் உடம்புக்கு ஆகாது என்று பவளக்கொடி கடைசியில் கொஞ்சம் சீயக்காய் போட்டாள்.

மாட்டி உதைத்தார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டது! சத்தம் முன்னைவிடக் கூர்மையாக, கிர்ரென்று இருந்தது. வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கியரைப் போட்டதும் வண்டி ஒரு முழம் நகர்ந்து செத்தது. மறுபடி உதைத்தார்கள். மறுபடி ஒரு முழம். சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலிலிருந்து கோயில் வரைக்கும் முழம் முழமாக வந்திருந்தார்கள்.

போனை எஞ்சின் பக்கத்தில் வைத்துப் பாய்க்குச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். பாய் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது.

"ஓட்டையை மேல தூக்கிட்டீங்களேப்பா! காட்டு வண்டிக்கு அடிவேகத்துல இழுவை வேணும். இது இப்ப ரேஸ் வண்டி ஆயிருச்சு. இனிமே கீழ இழுக்காது. மேல போனாத்தான் இழுக்கும்!"

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பலம் இருக்காது, முறுக்கி வேகம் மேலே ஏறினால்தான் பலம் வரும் என்பதைத்தான் பாய் அப்படிச் சொன்னார். கூழாங்காட்டுக்காரர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை.

"கேட்டீங்களா?" என்றார் தங்கமாயன், போனை வைத்துவிட்டு. "கீழ இழுக்காதாம். மேல போனா இழுக்குமாம்."

"மேலன்னா எதுவரைக்கும் மாமா?" என்றான் ஒச்சப்பன்.

"வழுக்குப்பாறைக்கு மேலதான். வேற எது மேல?"

"அப்ப பாறை வரைக்கும்?"

நாலு பேரும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். பவளக்கொடிதான் சொன்னாள்: "இழுக்காததைத் தூக்கத்தான் வேணும். ஓட்டையைத்தான தூக்கக்கூடாதுன்னாரு? வண்டியைத் தூக்கக்கூடாதுன்னு பாய் சொல்லலையே."

பதினெட்டாம் தேதி விடிந்தது. கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்த ஆறு பேரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மூங்கில் அவர்களிடமே இருந்தது. நாலு கழியை வண்டிக்கு அடியில் கட்டித் தோளில் ஏற்றினார்கள். ஓட்டுநர் இல்லாமல் வண்டி போகக்கூடாது என்பதால், லைசென்ஸ் வைத்திருந்த தங்கமாயன் மேலே உட்கார்ந்துகொண்டார். வளைவு வந்தபோதெல்லாம் ஹேண்டில்பாரைத் திருப்பி, தவறாமல் ஹாரன் அடித்தார். பாறையில் வீரணன் ரெண்டு தடவை முழங்காலில் விழுந்தான். ரெண்டு தடவையும் எழுந்து கழியை விடாமல் பிடித்துக்கொண்டான்.

மேக்காடே திரண்டு நின்றது. கழுதைக்கார மாப்பிள்ளையும் ஓரமாக நின்றிருந்தார். வண்டியை இறக்கி வைத்ததும் தங்கமாயன் உதைத்தார். முழு மூச்சாக ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே கியரைப் போட்டார். வண்டி முன்னங்கால் தூக்கிக்கொண்டு பறந்தது. ஊரை மூன்று சுற்றுச் சுற்றி, கழுதைகளை நாலு திசைக்கு விரட்டி, வைக்கோல் போரில் போய் நின்றது.

"பாய் வாக்கு பலிச்சிருச்சு!" என்று கத்தினான் ஒச்சப்பன். "மேல இழுக்குது!"

பரமன் வீரணனைக் கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லு. வண்டி ஏறி வந்துச்சா?"

முழங்காலில் ரத்தம் வழிய நின்ற வீரணனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்ல மாமா. தூக்கிட்டு வந்தோம். எறங்கும்போதும் தூக்கிட்டுத்தான் எறங்கணும். கீழ இழுக்காது."

பரமன் தாடையைச் சொறிந்தார். அப்போது செண்பகம் வெளியே வந்தாள்.

"எதுக்குப்பா யோசிக்கிறீங்க? அங்க போனா என்னை ஒத்தைக் கழுதை சுமக்கும். இங்க ஒம்போது பேரு சுமக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வீரணனின் முழங்காலைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க" என்றாள்.

லைசென்ஸ் இல்லாமல் எப்படி என்று அவன் தயங்கினான். தங்கமாயன் தன் லைசென்ஸை எடுத்துத் தம்பி சட்டைப்பையில் செருகிவிட்டு, கழிக்குத் தோள் கொடுத்தார்.

இறக்கம் முழுக்க வீரணன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தான். அதனால்தான் தூக்கிவந்தவர்கள் நிதானமாக இறங்க முடிந்தது என்று இன்றைக்கும் சொல்கிறான். செண்பகத்தின் கால் பாறையில் படவே இல்லை.

ஊர் முகப்பில் டீக்கடை வைத்திருந்த சிவனாண்டி இந்த ஊர்வலத்தைப் பார்த்துக் கிளாஸோடு வெளியே ஓடிவந்தார்.

"என்ன மதினி, தேய்ச்ச பிறகு வண்டி எப்படி?"

பவளக்கொடி கழியைத் தோள் மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்க, பெருமையாகச் சொன்னாள்.

"மலை ஏறி, மலை எறங்கி, ரெண்டு ஆளை வேற வச்சுக்கிட்டு வந்துருக்கு. வழியில ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்கல!"

சிவனாண்டி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று சாகுல் பாய்க்குப் போன் போட்டார்.

"பாய், என் ஸ்கூட்டருக்கும் அதே மாதிரி ஓட்டை தேய்ச்சுக் குடுங்க. தூக்குறதுக்கு ஆளு நான் பாத்துக்கிறேன்."