ஈரக்காலோடு பேசக் கூடாது

கடலுக்கு அப்பால், மிகப் பெரிய ஒரு காட்டில், ஒரு மேடும் அதன் கீழே ஒரு பள்ளமும் இருந்தன. மேட்டில் கரடி, கழுகு, மான், நரி எல்லாம் வசித்தன. பள்ளத்தில் முள்ளம்பன்றிகளும் எலிகளும் முயல்களும் வளை தோண்டிக் குடியிருந்தன.

மேட்டிலிருந்து ஓர் ஆறு இறங்கி வந்தது. முன்பெல்லாம் அது பள்ளத்தைத் தொடாது. பாறைகளுக்கு நடுவே ஓடி, தூரத்து ஏரியில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு நாள் கரடி பெரிய மரக்கட்டை ஒன்றை உருட்டி வந்து ஆற்றின் குறுக்கே போட்டது. குகை வாசலிலேயே தண்ணீர் குளமாகத் தேங்கியது. குளத்தில் மீன் கொழுத்தது. கரடி தின்றது, கழுகு தின்றது, மிச்சத்தை நரி தின்றது. குளக்கரையில் புல் மதமதவென்று வளர்ந்தது. அதை மான் மேய்ந்தது.

குளம் நிறைந்தால் வழியும் அல்லவா? வழிந்த தண்ணீர் பள்ளத்துக்குப் போனது. மழை பெய்தபோதெல்லாம் வளைகள் நிரம்பின.

"தண்ணீர் என்றால் கீழேதான் ஓடும். அது அதன் இயல்பு. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றது கரடி.

குழந்தைகளே, அந்தக் காட்டு மிருகங்களுக்கு ஒரு பெரிய பெருமை உண்டு. "எங்கள் காட்டில் யாரும் எதைப் பற்றியும் பேசலாம். வேறு எந்தக் காட்டிலாவது இப்படி உண்டா?" என்று மார்தட்டிக் கொள்ளும். ஆறு திசைமாறிப் போனதால் காய்ந்து கிடந்த பழைய தடத்தின் நடுவில் வழுவழுப்பான ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் பேச வேண்டும். கூட்டத்துக்குத் தலைவர் நரி.

பாறைக்கு ஒரே ஒரு சட்டம். ஈரக்காலோடு யாரும் அதில் ஏறக் கூடாது.

"வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?" என்று நரி கேட்கும். "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். என் கால் நனைந்திருந்தால் நானும் ஏற மாட்டேன்."

மேட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மீன் பிடித்துவிட்டு வரும் கரடி கொஞ்சம் படுத்து எழுந்தால் கால் காய்ந்துவிடும். பள்ளத்தில் அப்படியா? அங்கே சேறு காய்வதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிடும். அதனால் பள்ளத்து மிருகம் எதுவும் அந்தப் பாறையில் ஏறியதே இல்லை.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு காலையில் மழை விட்டு வெயிலும் வந்தது. ஆனால் குளம் வழிவது நிற்கவில்லை. பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

பள்ளத்தில் ஒரு தாய் முள்ளம்பன்றி இருந்தது. அதற்குப் பிறந்து சில நாட்களே ஆன இரண்டு குட்டிகள். இரை தேடிவிட்டு அது திரும்பி வந்தபோது வளையின் வாசல் நீருக்குள் போயிருந்தது. குட்டிகள் வளையின் கோடியில், கொஞ்சம் உயரமான அறையில் இருந்தன. தாய் முக்குளித்து உள்ளே போய்விடலாம். பச்சைக் குட்டிகளை அந்தத் தண்ணீருக்குள் இழுத்து வந்தால் மூச்சு முட்டிச் செத்துப் போகும். மேலிருந்து தோண்டலாம் என்றால் மேலே பெரும்பாறை.

தண்ணீர் இறங்கினால்தான் குட்டிகள் பிழைக்கும்.

பக்கத்து வளை எலி ஓடி வந்தது. "அக்கா, யோசிக்காதே. உனக்கும் பல் இருக்கிறது, எனக்கும் பல் இருக்கிறது. நேரே போய் அந்தக் கட்டையைக் கொறித்து எறிவோம்."

"கரடி ஐயாவின் கட்டையைக் கேட்காமல் தொடலாமா?" என்றது முள்ளம்பன்றி. "முறை என்று ஒன்று இருக்கிறதே. பாறையில் ஏறிச் சொன்னால் கேட்பார்கள். அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. மான் எவ்வளவு இரக்கமுள்ளது, பார்த்ததில்லையா?"

"இரக்கமும் இருக்கிறது, புல்லும் இருக்கிறது" என்றது எலி.

முள்ளம்பன்றி அதைக் காதில் வாங்காமல் மேட்டை நோக்கி ஓடியது. "நீ வாசலிலேயே நில். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று வந்து சொல்!" என்று திரும்பிக் கத்தியது.

பாறையைச் சுற்றிக் கூட்டம் நிறைந்திருந்தது. நரி அன்றைய தலைப்பை அறிவித்துக் கொண்டிருந்தது. "பள்ளத்தில் வெள்ளம். குற்றம் யாருடையது?"

'அட, என் பேச்சைத்தான் பேசுகிறார்கள்!' என்று முள்ளம்பன்றி மகிழ்ந்து போய்ப் பாறையில் காலை வைத்தது.

"நில்!" என்றது நரி. "கால் சொட்டுகிறது."

"தலைவரே, என் குட்டிகள்..."

"கீழே நின்று சொல்வது பேச்சாகாது, கூச்சல். காலைக் காய வைத்துக்கொண்டு வா. உனக்கென்று தனிச் சட்டமா போட முடியும்?"

முள்ளம்பன்றி சட்டத்துக்கு அடங்கியது. வெயில் பட்ட மணலில் மல்லாந்து படுத்து நான்கு கால்களையும் மேலே தூக்கிக் கொண்டது. அதைப் பார்த்து இரண்டு அணில்கள் சிரித்தன.

பாறையில் கழுகு ஏறியது. "நானும் ஒரு முட்டைக்குள்தான் பிறந்தேன். எனக்கு யார் மேடு கொடுத்தார்கள்? என் சிறகால் நானே மேலே வந்தேன். பள்ளத்தில் இருப்பவர்களை யார் கட்டிப் போட்டார்கள்? முயன்றால் யாரும் மேலே வரலாம்!"

அப்போது எலி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "சிறகு முளைக்கும் வரை கூட்டில் மீன் ஊட்டியது யாராம்?" என்று முணுமுணுத்துவிட்டு, முள்ளம்பன்றியின் காதில் சொன்னது: "அக்கா, வாசலுக்கு மேலே இருந்த ஆலம்வேர் மூழ்கிவிட்டது."

"இதோ, முன்கால்கள் காய்ந்துவிட்டன. ஓடிப்போய்ப் பார்" என்றது முள்ளம்பன்றி.

அடுத்து மான் ஏறியது. ஏறும்போதே அதன் கண்கள் கலங்கியிருந்தன. "கழுகின் பேச்சு என் நெஞ்சைப் புண்படுத்துகிறது. முதலில் 'பள்ளம்' என்ற சொல்லையே நாம் விட வேண்டும். அது அவர்களை இழிவுபடுத்துகிறது. 'தாழ்நிலம்' என்று சொல்வோம்."

"பள்ளத்தைப் பள்ளம் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று கழுகு சீறியது.

"தாழ்நிலம்!"

"பள்ளம்!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தாழ்நிலம் என்றவர்கள் ஒரு பக்கம் போனார்கள், பள்ளம் என்றவர்கள் மறு பக்கம் போனார்கள். நரி இரண்டு பக்கமும் தலையாட்டியது. சூரியன் உச்சியைத் தாண்டியது. சண்டை ஓயவில்லை. கட்டை என்ற வார்த்தையை மட்டும் இரண்டு பக்கத்திலும் ஒருவரும் சொல்லவில்லை.

எலி மறுபடியும் ஓடி வந்தது. இப்போது அது மூக்கு வரை சேறாக இருந்தது. "அக்கா, வளைக்குள் கத்தல் கேட்கிறது."

முள்ளம்பன்றி துள்ளி எழுந்தது. பின்கால்களை மணலில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பாறையில் ஏறியது. ஏறிய வேகத்தில் அதன் முட்களெல்லாம் நெட்டுக்குத்தாக நின்றன.

"முட்களை மடக்கு" என்றது நரி. "இது பேசும் இடம், பயமுறுத்தும் இடம் அல்ல."

"நீ சொல்ல வருவது நியாயம்தான், கண்ணே" என்றது மான். "ஆனால் இப்படிக் கோபமாக வந்தால், உன் பக்கம் இருப்பவர்கள்கூட விலகிப் போவார்களே."

முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு முட்களை மடக்கியது. "ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். கரடி ஐயாவின் கட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். தண்ணீர் பழைய வழியே போய்விடும். என் இரண்டு குட்டிகள் வளைக்குள் இருக்கின்றன. வேறொன்றும் கேட்கவில்லை."

கழுகு கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "எங்கே, உன் காலைக் காட்டு."

முள்ளம்பன்றி காலைத் தூக்கிக் காட்டியது.

"காய்ந்திருக்கிறதே!" என்றது கழுகு. "வெள்ளம், வெள்ளம் என்றாய். வெள்ளத்திலிருந்து வந்தவளின் கால் இப்படியா இருக்கும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரடியும் தொப்பை குலுங்கச் சிரித்தது. "கேட்டீர்களா? ஒரு கட்டையைப் போட்டு நாலு மீன் தின்பவன்மேல் எத்தனை பேருக்குப் பொறாமை!"

முள்ளம்பன்றி நரியைப் பார்த்தது. "தலைவரே, நீங்கள்தானே காய வைக்கச் சொன்னீர்கள்!"

"நான் சட்டத்தைச் சொன்னேன்" என்றது நரி. "உன் கால் காய்ந்திருப்பதை இவர் சொன்னார். இரண்டும் உண்மைதானே? இரு தரப்பையும் கேட்டாயிற்று. முடிவை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்."

மானின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "மனம் தளராதே. என் நெஞ்சம் உன்னோடு இருக்கிறது."

"உன் நெஞ்சம் எனக்கு எதற்கு?" என்று முள்ளம்பன்றி கத்தியது. "உன் கொம்பைக் கொடு. வந்து அந்தக் கட்டையை முட்டித் தள்ளு!"

மான் குளக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பச்சைப் புல் காற்றில் ஆடியது. "அது... எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிற காரியமா? கரை வறண்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டாமா?"

முள்ளம்பன்றிக்கு அப்போதுதான் புரிந்தது. அது பாறையிலிருந்து குதித்தது. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வா தம்பி" என்றது எலியிடம். "கொறிப்போம்."

எலி ஒரு சீழ்க்கை அடித்தது. பள்ளத்து எலிகளும் முயல்களும் மற்ற முள்ளம்பன்றிகளும் சேறும் சகதியுமாகக் கரையேறி வந்தன. மேட்டு மிருகங்கள் எல்லாம் பாறையைச் சுற்றி நின்று கத்திக் கொண்டிருந்ததால் கட்டையின் பக்கம் காவலுக்கு ஒருவரும் இல்லை. தாய் முள்ளம்பன்றி முதலில் பல்லைப் பதித்தது. ஈறு கிழிந்து ரத்தம் வழிந்தது. அது நிறுத்தவில்லை.

படார் என்று கட்டை முறிந்தது.

தேங்கிக் கிடந்த தண்ணீர் அத்தனையும் பழைய தடத்தில் பாய்ந்தது. கூட்டத்தின் நடுவே புகுந்து அடித்தது. அணில்கள் உருண்டன. நரி வால் வரை நனைந்து பாறைமேல் தொற்றி ஏறியது. மானும் கரடியும் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறின. அப்போது யாரும் தலைப்பு அறிவிக்கவில்லை. யாரும் மறு தரப்பைக் கேட்கவில்லை.

"யார் செய்தது? இப்போதே பிடியுங்கள்! இப்போதே தண்டியுங்கள்!" என்று நரி ஊளையிட்டது.

கரடி உறுமிக்கொண்டு கட்டை கிடந்த இடத்துக்கு ஓடியது. கையை ஓங்கித் தாய் முள்ளம்பன்றியை அறைந்தது. மறு நொடியே "ஐயோ!" என்று அலறிக் கையை உதறியது. உள்ளங்கை நிறைய முட்கள்.

"பேசித் தீர்த்திருக்கலாமே!" என்று கரடி புலம்பியது.

முள்ளம்பன்றி பதில் சொல்ல நிற்கவில்லை. பள்ளத்தில் தண்ணீர் இறங்கிக் கொண்டிருந்தது. தாய் வளைக்குள் பாய்ந்தது.

கோடி அறையில் ஒரு குட்டி சேற்றுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு ஈனமாகக் கத்தியது. மற்றொன்று கத்தவில்லை. தாய் அதை நக்கிப் பார்த்தது. மூக்கால் புரட்டிப் பார்த்தது. அதன் உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

இரண்டையும் அது வெளியே கொண்டு வந்தது. அதற்குள் மேட்டிலிருந்து மான் இறங்கி வந்திருந்தது.

"அய்யோ, என் கண்ணே!" என்று மான் அழுதது. "அடுத்த கூட்டத்தில் உன் குட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நீயே வந்து முதலில் பேச வேண்டும். கேட்டவர்கள் எல்லாம் கண்ணீர் விடுவார்கள்."

முள்ளம்பன்றி குழி தோண்டிக் கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

"என் குட்டிக்கு இன்னும் சூடு ஆறவில்லை" என்றது. "நான் உங்கள் பாறைக்குக் கீழே காலைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தேனே, அந்த நேரத்தில் கட்டையைக் கொறித்திருந்தால் இது பிழைத்திருக்கும். தள்ளி நில். நீ மண்ணை மிதிக்கிறாய்."

மான் தள்ளி நின்றது. பிறகு போய்விட்டது.

மறுநாள் காலை கரடி இன்னொரு கட்டையை உருட்டிக்கொண்டு ஆற்றுக்கு வந்தது. அங்கே பள்ளத்து மிருகங்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஓடும் தண்ணீரிலேயே இறங்கி நெருக்கமாக நின்றன. எல்லோருக்கும் முன்னால் தாய் முள்ளம்பன்றி நின்றது. பிழைத்த குட்டி கரையோரம் எலியின் காவலில் தூங்கியது.

கரடி கட்டையை நிறுத்தியது. கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டு ஓர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தது.

"சரி, சரி. எல்லோரும் கொஞ்சம் நகருங்கள். பாறைக்குப் போய் உட்கார்ந்து பேசுவோம், வாருங்கள்."

ஒருவரும் நகரவில்லை.

நீதி: கால் நனையாதவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருக்கிறவர்கள், அவர்கள் பேசி முடிப்பதற்குள் மூழ்கிப் போவார்கள்.